பரணுக்கு மடக்கு ஏணி போடலாம் என்று இருக்கிறேன், எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

பரண்தேடி:
வணக்கம். எங்கள் வீட்டில் கூரைக்குக் கீழே நல்ல பரண் இருக்கிறது, குனிந்து நடக்கலாம். இப்போது மேலே போக இருப்பது நடைக்கூடத்து உட்கூரையில் ஒரு சின்ன சதுர மூடி மட்டும்தான். படி ஏணியை விரித்து வைத்து, உச்சிப் படி வரை ஏறி, இரண்டு கையையும் ஊன்றி உடம்பைத் தூக்கி உள்ளே போக வேண்டும். ஏறுவதாவது பரவாயில்லை, இறங்கும்போது கால் ஏணியைத் தேடித் துழாவும், அந்த நேரத்தில் பிடித்துக்கொள்ள ஒன்றுமே இல்லை. தண்ணீர்த் தொட்டி, வயரிங், எப்போதாவது எடுக்கும் சாமான்கள் எல்லாம் மேலேதான், அதனால் போகாமலும் இருக்க முடியாது. உட்கூரையோடு பொருத்தி, கொக்கிக் கம்பியால் இழுத்தால் இறங்கி வரும் மடக்கு ஏணி வைக்க நினைக்கிறேன். மரமா அலுமினியமா? திறப்பைப் பெரிதாக்கியே ஆக வேண்டுமா? நானே செய்யக்கூடிய வேலையா? அம்மாவும் அவ்வப்போது மேலே போவார், 70 வயதை நெருங்குகிறார், அதையும் மனதில் வைத்துச் சொல்லுங்கள்.

உளி:
நல்ல முடிவு. படி ஏணியின் உச்சிப் படியில் நிற்பது எந்த ஏணிக்கும் ஆகாது, உங்கள் வீட்டில் அதை வழக்கமாகவே செய்கிறீர்கள்.

மரமா அலுமினியமா என்பது கடைசிக் கேள்வி. முதலில் மூன்று விஷயம் சொல்லுங்கள். தரையிலிருந்து உட்கூரை வரை உயரம் எவ்வளவு? இப்போதுள்ள திறப்பு எந்த அளவு? அப்புறம் டார்ச் எடுத்துக்கொண்டு மேலே போய், உட்கூரையைத் தாங்கும் கட்டைகள் எப்படி இருக்கின்றன என்று பாருங்கள். கனமான உத்திரங்கள் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை தனியாக ஓடுகின்றனவா, அல்லது மெல்லிய கட்டைகளை முக்கோணம் முக்கோணமாகச் சேர்த்திருக்கிறார்களா? கான்கிரீட் தளமாக இருந்தால் பேச்சே வேறு. கம்பியை அறுக்கும் வேலை, கட்டடப் பொறியாளர் வராமல் தொடக்கூடாது.

பரண்தேடி:
உயரம் 2.6 மீட்டர். திறப்பு 56 செ.மீ.க்கு 56 செ.மீ. கான்கிரீட் இல்லை. மெல்லிய கட்டைகள்தான், முக்கோண வடிவம், சேரும் இடமெல்லாம் பல் வைத்த தகரத் தகடு அழுத்தியிருக்கிறது. ஒன்றின் நடுவிலிருந்து அடுத்ததன் நடு வரை 60 செ.மீ. எனக்குப் பிடித்த மர ஏணிக்கு 70 செ.மீ. அகலத் திறப்பு கேட்கிறார்கள், அதனால் ஒரு கட்டையை மட்டும் அறுத்து இரண்டு பக்கமும் குறுக்குக் கட்டை கொடுத்துவிடலாம் என்று தோன்றுகிறது.

மூலைமட்டம்:
அறுக்காதீர்கள். தயவுசெய்து இந்த ஒன்றை மட்டும் கேளுங்கள்.

நீங்கள் சொல்வது ட்ரஸ் கூரை. கீழே கிடையாக ஓடும் அந்தக் கட்டை உட்கூரைப் பலகையைப் பிடித்துக்கொள்வதற்காக மட்டும் இருப்பதாகத் தெரியும். அதன் உண்மையான வேலை வேறு. கூரையின் எடை இரண்டு சாய்வுக் கட்டைகளையும் வெளிப்பக்கமாகத் தள்ளிக்கொண்டே இருக்கும், அவை விரிந்துபோகாமல் இழுத்துப் பிடித்திருப்பது இந்தக் கீழ்க் கட்டைதான், வில்லுக்கு நாண் போல. அதை அறுத்தால் அந்த ட்ரஸ் பிடிப்பை இழக்கும், எடை பக்கத்து ட்ரஸ்களுக்குப் போகும், சாய்வுக் கட்டையின் அடி சுவரை வெளியே தள்ளும். தகடு வைத்த ட்ரஸ் ஒவ்வொரு கட்டைக்கும் கணக்குப் போட்டுச் செய்யப்படுவது, அதில் வீணாக ஒரு கட்டை கூட இல்லை. நீங்கள் சொன்ன குறுக்குக் கட்டை முறை தனித்தனி உத்திரங்கள் உள்ள பழைய மரக் கூரைகளுக்கு உரியது. அங்கேயும் இருபுறத்து உத்திரங்களை இரட்டையாக்கி, குறுக்குக் கட்டைகளை இரும்புத் தாங்கியில் உட்கார வைத்த பிறகுதான் அறுக்க வேண்டும்.

கைவேலை:
இவ்வளவு பயப்பட வேண்டுமா? எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் இப்படி ஒரு கட்டையை அறுத்துத்தான் ஏணி போட்டிருக்கிறார்கள், வருஷக்கணக்கில் ஒன்றும் ஆகவில்லை.

மூலைமட்டம்:
ஆகவில்லை என்று எப்படித் தெரியும்? கூரை மேட்டுக் கோட்டில் லேசான தொய்வு, சுவரும் உட்கூரையும் சேரும் இடத்தில் மயிரிழை விரிசல், கதவு ஒன்று சிக்கிக்கொள்வது, இப்படித்தான் அது மெதுவாக வெளியே வரும். பலத்த காற்றோ, கனத்த மழையோ பனியோ கூரைமேல் எடை ஏற்றாத வரை அந்தக் கூரைக்குச் சோதனையே வரவில்லை என்றுதான் அர்த்தம். அந்த வீட்டுக்காரரிடம் கட்டடப் பொறியாளர் ஒருவரை அழைத்துக் காட்டச் சொல்லுங்கள். அறுத்த ட்ரஸையும் முறைப்படி கணக்குப் போட்டு வலுப்படுத்த முடியும், ஆனால் அது மன்றத்தில் எழுதிக் கேட்டுச் செய்யும் வேலை இல்லை.

உளி:
மூலைமட்டம் சொன்னதில் ஒரு வார்த்தையும் மாற்ற வேண்டியதில்லை. பரண்தேடி, உங்களுக்கு அறுக்கவும் தேவையில்லை. இரண்டு ட்ரஸ்களுக்கு இடையே உங்களுக்கு 56 செ.மீ. கிடைக்கிறது, இந்த இடைவெளிக்கென்றே குறுகலான ஏணிகள் செய்கிறார்கள். நீளத்தை மட்டும் ட்ரஸ் ஓடும் திசையிலேயே 110 அல்லது 120 செ.மீ.க்கு நீட்டிக்கொள்ளுங்கள். அப்போது அறுபடுவது உட்கூரைப் பலகையும் பழைய மூடியின் ஓரத்தில் இருக்கும் சின்னக் குறுக்குக் கட்டையும்தான். அந்தக் குறுக்குக் கட்டை மூடிக்காக வைத்ததுதானா, ட்ரஸ்களைப் பிணைக்கும் தாங்குகட்டையா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். மூலைவிட்டமாகவோ பல ட்ரஸ்களைக் கடந்தோ நீளமாக ஓடினால் அது தாங்குகட்டை, அதைத் தொடக்கூடாது.

ஏணி இறங்கும் திசையையும் இப்போதே யோசியுங்கள். 2.6 மீட்டர் உயரத்துக்கு 65 டிகிரி சாய்வு என்றால் ஏணியின் கால் மேல்முனைக்கு நேர் கீழிருந்து ஏறக்குறைய 1.2 மீட்டர் தள்ளி வந்து நிற்கும். மடிப்பு விரியும்போது இன்னும் அதிக இடம் வேண்டும், ஏணியோடு வரும் தாளில் அந்த அளவு தனியாகப் போட்டிருக்கும், கால் நிற்கும் அளவோடு அதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். இதோடு நீங்கள் கீழே நின்று இழுக்க இடம், இறங்கியதும் திரும்ப இடம். எதிரே திறக்கும் கதவு இருந்தால் யாராவது உள்ளேயிருந்து தள்ளி ஏணியை இடிப்பார்கள். மாடிப்படியின் தலைமாட்டில் மட்டும் ஏணி வேண்டவே வேண்டாம், அங்கே தவறினால் விழுவது பரண் உயரத்தோடு நிற்காது.

வெண்ணிலவு:
எங்கள் வீட்டில் முன்பு சறுக்கி இறங்கும் அலுமினிய ஏணி இருந்தது, இப்போது மூன்றாக மடங்கும் மர ஏணி. இரண்டையும் பயன்படுத்தியவள் என்ற முறையில் சொல்கிறேன். அலுமினியம் எடை குறைவு, ஒற்றைக் கையால் இழுக்கலாம், ஈரத்துக்குக் கவலை இல்லை. ஆனால் படி குறுகல், பாதத்தின் நடுவில் அழுத்தும், மேலே நின்று ஒரு பெட்டியைத் தள்ளும்போது ஏணி லேசாக ஆடுவது தெரியும். மர ஏணியில் படி தட்டையாக அகலமாக இருப்பதால் பாதம் நன்றாக ஊன்றும், அம்மா ஏறுவார் என்கிறீர்கள், அதனால் மரம்தான் என் பரிந்துரை. படியில் வழுக்காத பள்ளக் கோடுகள் இருக்கின்றனவா என்று தடவிப் பாருங்கள், வழவழப்பாக வார்னிஷ் அடித்த படியை வாங்காதீர்கள்.

இடமே இல்லாத வீட்டில் கத்தரிக்கோல் மாதிரி மடியும் ஏணி போடுவார்கள். சின்னத் திறப்புக்குள் அடங்கிவிடும், ஆனால் சாய்வு செங்குத்து, எப்போதாவது ஏறும் ஒருவருக்குச் சரி.

இன்னொன்று. எல்லோரும் ஏணியைப் பற்றியே பேசுகிறோம். நீங்கள் எழுதியதை மறுபடி படியுங்கள், இறங்கும்போதுதான் பிடிக்க ஒன்றுமில்லை என்கிறீர்கள். எவ்வளவு நல்ல ஏணி போட்டாலும் அந்தக் குறை அப்படியே இருக்கும், மேலே கைப்பிடி வைக்காவிட்டால்.

பரண்தேடி:
ஏணியோடு ஒரு பக்கம் கைப்பிடிக் கம்பி வருகிறது என்று போட்டிருக்கிறதே, அது போதாதா?

வெண்ணிலவு:
அது ஏறும்போது பிடிக்க. பெரும்பாலும் ஏணியின் நடுப்பகுதியில்தான் இருக்கும், பரண் தரை மட்டம் வருவதற்கு முன்பே முடிந்துவிடும். ஆபத்தான இடம் அதற்கு அப்புறம்தான் வருகிறது, ஏணியை விட்டுத் தரையில் கால் வைக்கும் அந்த ஒரு எட்டு. திரும்பி வரும்போது இன்னும் மோசம், முதுகைத் திறப்புக்குக் காட்டிக்கொண்டு பின்னால் காலை நீட்டி படியைத் தேட வேண்டும். அந்த நேரத்தில் இடுப்பு உயரத்தில் உறுதியான ஒரு கம்பி கையில் இருக்க வேண்டும். திறப்பின் இரண்டு நீளப் பக்கமும் பின்பக்கமும் சேர்த்து மூன்று பக்கம் தடுப்பு வையுங்கள், பரண் தரையிலிருந்து 90 செ.மீ. முதல் 1 மீட்டர் உயரம். கூரைச் சாய்வு இடிக்கிறது என்றால் முடிந்த உயரத்துக்காவது வையுங்கள். ஏணி விற்பவர்களே மேல் தடுப்பைத் தனியாக விற்கிறார்கள், பலர் அதை வாங்காமல் விட்டுவிடுகிறார்கள். பெட்டிகளுக்கு நடுவே பின்னோக்கி நகர்ந்து திறப்புக்குள் விழுவதைத் தடுப்பதும் இந்தக் கம்பிதான்.

உங்கள் அம்மாவைப் பற்றி: அவர் அடிக்கடி எடுக்கும் பொருட்களைக் கீழே ஒரு அலமாரிக்கு மாற்றிவிடுங்கள். நல்ல ஏணி வந்துவிட்டது என்பதற்காக அவர் அதிகமாக ஏற வேண்டியதில்லை.

கூரைக்காவலன்:
வெண்ணிலவு அக்கா சொன்னதோடு பரண் தரையையும் பாருங்கள். ட்ரஸ்களுக்கு இடையில் வெப்பக்காப்புப் பஞ்சு மட்டும் போட்டிருந்தால் அங்கே கால் வைத்த மாத்திரத்தில் உட்கூரைப் பலகை உடைந்து கீழே வருவீர்கள். பஞ்சு கட்டையை மூடியிருந்தால் எங்கே மிதிப்பது என்றே தெரியாது. ஏணியிலிருந்து கால் வைக்கும் பக்கம் முதலில் பலகை அடிக்க வேண்டும், அங்கே எந்தச் சாமானும் வைக்கக்கூடாது. பஞ்சை நசுக்கிப் பலகை அடித்தால் அதன் பயன் குறைந்துவிடும், கால்களோடு வரும் உயர்த்தித் தாங்கிகள் வைத்து அதன்மேல் அடியுங்கள்.

எடையும் முக்கியம். பல ட்ரஸ் கூரைகளில் பரணுக்குச் சதுர மீட்டருக்கு 25 கிலோ என்ற அளவில்தான் கணக்குப் போட்டிருப்பார்கள். புத்தகப் பெட்டிகளை அடுக்கினால் அது ஒரு மூலையிலேயே தீர்ந்துவிடும். வசதியான ஏணி வந்ததும் பரணில் சாமான் பெருகுவது எல்லா வீட்டிலும் நடக்கிறது, அதனால்தான் சொல்கிறேன்.

பரண்தேடி:
மேல் தடுப்பைப் பற்றி யோசிக்கவே இல்லை, அதையும் சேர்த்தே வாங்குகிறேன். 56 செ.மீ. அகலத் திறப்புக்கான மாடல் மரத்திலேயே கிடைக்கிறது. சரி, பொருத்தும் முறையைப் பற்றி யாராவது விவரமாகச் சொல்ல முடியுமா? உதவிக்கு என் தம்பி இருக்கிறான்.

உளி:
இரண்டு பேர் கண்டிப்பாக வேண்டும், நல்லது. நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அறுப்பதற்கு முன் மேலே போய்ப் பஞ்சை விலக்கி வயர், குழாய் எதுவும் அந்த இடத்தில் ஓடவில்லை என்று கண்ணால் பாருங்கள். மின்சாரத்தை அணைத்துவிடுங்கள். கண்ணாடி, முகமூடி, கையுறை மூன்றும் போடுங்கள், மேலேயிருந்து வரும் தூசி லேசில் போகாது. பஞ்சுக்குப் பதில் கூழாங்கல் போலச் சின்னச் சின்னதாக மின்னும் தகட்டுத் துகள்களைக் கொட்டியிருந்தால் அது வெர்மிகுலைட், பழைய வீடுகளில் அதில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கக்கூடும். அதைக் கிளறாமல் அப்படியே மூடிவிட்டுச் சோதனைக்கு ஆளை அழையுங்கள்.

திறப்பின் இரு முனையிலும் இரட்டைக் குறுக்குக் கட்டை அடித்துச் செவ்வகம் முழுமையாக வந்த பிறகு இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள். இரண்டும் ஒரே அளவு வந்தால்தான் மூலைகள் சரியான செங்கோணம். அளவு ஏணிச் சட்டத்தை விட ஒவ்வொரு பக்கமும் 1 செ.மீ. அளவுக்குப் பெரிதாக இருக்கட்டும். இப்போது உட்கூரைக்கு அடியில், திறப்பின் இரண்டு குறுகிய முனைகளிலும் தற்காலிகமாக ஒவ்வொரு பலகையை ஸ்க்ரூ போட்டு இறுக்குங்கள், உள்பக்கம் 2 செ.மீ. நீட்டிக்கொண்டிருக்கும்படி. ஏணியை மடித்தபடியே கீழிருந்து தூக்கிச் சாய்த்து உள்ளே விட்டு அந்த நீட்டலில் உட்கார வைத்தால் சட்டம் நிற்கும், ஒருவர் மேலே, ஒருவர் கீழே. ஸ்க்ரூ ஏறும் வரை யாரும் ஏணியை விரிக்கவோ மிதிக்கவோ கூடாது.

கீல் இருக்கும் இடம், கைத்தண்டு (ஏணி மூடியைச் சட்டத்தோடு இணைத்துத் தாங்கும் பக்கவாட்டு இரும்புக் கை) பொருத்திய இடம், நான்கு மூலைகள், இங்கெல்லாம் சட்டத்துக்கும் கட்டைக்கும் இடையில் ஆப்பு கொடுத்து இறுக்கமாக அடையுங்கள். ஆப்பு இல்லாத இடத்தில் ஸ்க்ரூ இறுக்கினால் சட்டம் வளைந்து மூடி சிக்கிக்கொள்ளும். ஒவ்வொன்றாக இறுக்கிக்கொண்டே ரசமட்டம் வைத்துப் பாருங்கள்.

இரும்புத்தாழ்:
இடையில் ஒன்று சேர்க்கிறேன், ஸ்க்ரூவைப் பற்றி. எங்கள் வீட்டில் ஆள் வைத்துப் பொருத்திய ஏணி சில மாதங்களில் ஒரு பக்கம் இறங்க ஆரம்பித்தது. கழற்றிப் பார்த்தால் உட்கூரைப் பலகை அடிக்கும் மெல்லிய கறுப்பு ஸ்க்ரூவையே சட்டத்துக்கும் போட்டிருந்தார்கள், இரண்டு தலை முறிந்து கிடந்தது, ஆப்பு என்று எதுவுமே இல்லை. அந்தக் கறுப்பு ஸ்க்ரூ கெட்டியானதே தவிர வளையாது, குறுக்கே எடை விழுந்தால் படக்கென்று முறியும். ஏணியோடு கொடுக்கும் தடித்த ஸ்க்ரூ அல்லது லேக் போல்ட் (மரத்துக்குள் முறுக்கி ஏற்றும் தடித்த போல்ட்)தான் போட வேண்டும், சட்டத்தைத் தாண்டிக் கட்டைக்குள் நன்றாக ஏற வேண்டும். வேறு ஆள் செய்தாலும் பக்கத்தில் நின்று இதை மட்டும் பாருங்கள். தாளில் எத்தனை ஓட்டை காட்டியிருக்கிறதோ அத்தனையிலும் ஸ்க்ரூ இருக்க வேண்டும்.

உளி:
மிகச் சரி. விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன், காலை வெட்டும் வேலை. இதில்தான் நல்ல ஏணிகள் பல வீணாகின்றன.

கடைசி மடிப்பை மட்டும் விரிக்காமல் மேல் இரண்டு பகுதிகளையும் நேராக இழுத்து, கைத்தண்டுகள் முழுவதும் இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். அந்தச் சாய்விலேயே அளவு நாடாவை இரண்டாவது பகுதியின் அடியிலிருந்து தரை வரை நீட்டுங்கள். முன் விளிம்புக்கு ஒரு அளவு, பின் விளிம்புக்கு ஒரு அளவு, இரண்டும் வேறாகத்தான் வரும், ஏனென்றால் ஏணி சாய்ந்து நிற்கிறது. இடது காலுக்கும் வலது காலுக்கும் தனித்தனியாக எடுங்கள், தரை மட்டமாக இருக்கும் என்று நம்பக்கூடாது. அந்த இரண்டு புள்ளிகளையும் இணைக்கும் கோட்டில் வெட்டினால் அடிப்பாகம் முழுவதும் தரையில் படியும்.

கால் நீளமாக இருந்தால் மடிப்பு மூட்டு நேராகாமல் புடைத்து நிற்கும், ஏறும்போது அந்த மூட்டு உதைக்கும். குட்டையாக இருந்தால் ஏணி தரையில் ஊன்றாமல் மேலே உள்ள கைத்தண்டிலும் கீலிலும் தொங்கும், உங்கள் எடை முழுக்க நான்கைந்து போல்ட்டுக்குப் போகும். சரியாக வெட்டிய ஏணியில் எல்லா மூட்டும் இடைவெளியே இல்லாமல் ஒட்டியிருக்கும், ஒரு தாளைக்கூட நுழைக்க முடியாது. முதலில் கொஞ்சம் நீளமாகவே வெட்டிப் பார்த்துவிட்டு அப்புறம் குறைத்துக்கொள்ளலாம். தரைக்குப் புது ஓடு பதிக்கும் எண்ணம் இருந்தால் அதை முடித்துவிட்டு வெட்டுங்கள், அல்லது அளவு மாற்றக்கூடிய பாதம் உள்ள ஏணியாகப் பார்த்து வாங்குங்கள்.

ஸ்பிரிங் உள்ள மாடலாக இருந்தால் அந்தக் கைத்தண்டுகளைத் தனியாகக் கழற்ற முயற்சி செய்யாதீர்கள், இழுவிசையில் இருக்கும், அடித்தால் எலும்பு உடையும்.

பரண்தேடி:
150 கிலோ என்று ஏணியில் ஒட்டியிருக்கிறது, நானும் ஒரு பெட்டியும் சேர்ந்து அதற்கு அருகில்கூட வரமாட்டோம். அப்படியானால் பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு ஏறலாம்தானே?

மூலைமட்டம்:
அந்த 150 கிலோ ஐரோப்பியத் தரம் ஈஎன் 14975 படி சோதித்த ஏணிகளில் பொதுவாகக் காணப்படுவது, அமெரிக்காவில் அன்சி ஏ14.9 என்று தனித் தரம் உண்டு. ஏணி தாங்கும் என்பதற்கு அது சான்று. நீங்கள் பிடித்துக்கொண்டிருப்பீர்கள் என்பதற்குச் சான்று இல்லை. இரண்டு கையிலும் பெட்டி இருந்தால் உடம்பு ஏணியோடு தொட்டிருப்பது பாதங்களில் மட்டும்தான். இரண்டு கால் ஒரு கை, அல்லது இரண்டு கை ஒரு கால், எப்போதும் மூன்று தொடுபுள்ளி இருக்க வேண்டும். ஏணியைப் பார்த்தபடியே ஏறி, பார்த்தபடியே இறங்குங்கள். மர ஏணி படிக்கட்டு போலத் தெரிவதால் பலர் முன்பக்கம் பார்த்து இறங்கப் பார்க்கிறார்கள், 65 டிகிரி சாய்வில் குதிகால் படியில் உட்காராது. பெட்டியைக் கீழே நிற்பவர் தூக்கிக் கொடுக்கட்டும், மேலே இருப்பவர் தடுப்புக்குப் பின்னால் மண்டியிட்டு வாங்கட்டும். கனமானது என்றால் கயிறு கட்டி இழுங்கள், இழுக்கும்போது அதன் கீழே யாரும் நிற்க வேண்டாம்.

கூரைக்காவலன்:
மூடியைப் பற்றி யாரும் பேசவில்லை. ஏணி மூடி என்பது உட்கூரையில் போட்ட பெரிய ஓட்டை, அதன் ஓரத்துச் சந்து வழியாக வீட்டின் ஈரக்காற்று பரணுக்குப் போகும். கூரை குளிர்ந்திருக்கும் இடங்களில் அந்த ஈரம் கட்டைகளில் நீராகப் படிந்து கறுப்புப் பூஞ்சை பிடிக்கும், வெயில் இடங்களில் பரணின் அனல் கீழே இறங்கும். ஓரம் முழுவதும் ரப்பர் அடைப்பும், மூடியின் உள்ளே வெப்பக்காப்பும் உள்ள மாடலாக வாங்குங்கள். சட்டத்துக்கும் கட்டைக்கும் இடையே ஆப்பு வைத்த மீதி இடைவெளியில் அதிகம் ஊதாத நுரையை நிரப்புங்கள். அதிகம் ஊதும் நுரை சட்டத்தையே உள்ளே தள்ளிவிடும். குளியலறைக்கு நேர் மேலே ஏணி வேண்டாம்.

கார் நிறுத்தும் அறையின் உட்கூரையில் வைக்க நினைக்கும் யாராவது இதைப் படித்தால், அங்கே உட்கூரை தீயைத் தடுக்கும் சுவரின் வேலையையும் செய்கிறது. சாதாரண ஏணி மூடி மெல்லிய பலகை, அங்கே அதைப் போட்டால் தீ நேராகக் கூரைக்குப் போகும். தீத்தடுப்புச் சான்று பெற்ற மூடிதான் வேண்டும்.

கைவேலை:
மேலே கட்டையை அறுத்த வீட்டைப் பற்றிச் சொன்னேன் அல்லவா, அவரிடம் பேசினேன். நடைக்கூடத்து உட்கூரையில் நீளமாக விரிசல் இருக்கிறதாம், பழைய வீடு என்று பூசிக்கொண்டே இருந்திருக்கிறார். பொறியாளரை வரச் சொல்கிறார்.

மூலைமட்டம்:
மிக நல்ல செய்தி. அவர் வரும் வரை பரணில் இருக்கும் கனமான சாமான்களை மட்டும் இறக்கி வைக்கச் சொல்லுங்கள், யாரும் அதிகம் ஏற வேண்டாம்.

பரண்தேடி:
எல்லோருக்கும் நன்றி. 56 செ.மீ. மர ஏணி, மேல் தடுப்பு, வழுக்காத படி, ரப்பர் அடைப்பு என்று முடிவாகிவிட்டது. ஏணி ட்ரஸ் ஓடும் திசையிலேயே இறங்கும், எதிரே கதவு எதுவும் இல்லை. கடைசியாக ஒன்று, விளக்கு எங்கே வைப்பது? வருஷத்துக்கு ஒரு தடவை என்ன பார்க்க வேண்டும்?

இரும்புத்தாழ்:
விளக்கு திறப்புக்கு நேர் மேலே வேண்டாம், ஏறும்போது கண்ணைக் கூசும். கொஞ்சம் தள்ளிப் பக்கவாட்டில் வையுங்கள், படியும் தரை விளிம்பும் இரண்டும் தெரிய வேண்டும். ஸ்விட்ச் கீழே நடைக்கூடத்தில், மேலே விளக்கு எரிவது வெளியிலிருந்தே தெரியும்படி சின்னச் சிவப்பு ஒளி உள்ள ஸ்விட்ச்.

வருஷத்துக்கு ஒரு தடவை எல்லா போல்ட்டையும் ஸ்பேனரால் தொட்டுப் பாருங்கள், மரம் சுருங்குவதால் படியின் அடியில் இருக்கும் கம்பி நட்டுகள் தளரும். கீல் தகட்டில் விரிசல், ஸ்பிரிங் ஒரு பக்கம் மட்டும் நீண்டிருப்பது, மூட்டில் புதிதாக இடைவெளி, காலடியில் மரம் நசுங்கியிருப்பது, இவற்றில் எது தெரிந்தாலும் சரிசெய்யும் வரை ஏற வேண்டாம். கீலுக்கு ஒரு சொட்டு எண்ணெய் போதும், படியில் பட்டால் உடனே துடைத்துவிடுங்கள். கொக்கிக் கம்பியைக் குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் மாட்டி வையுங்கள்.